தோலுக்கு மருந்து, கண்ணுக்குக் காவல்

சொரியாசிஸ் தொற்றுநோயன்று. இவ்வுண்மையை முதலிலே கூறிவிடுவது நலம். முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் தோல் சிவந்து தடித்து, வெள்ளி நிறச் செதில்களாக உதிர்வதைக் கண்டு, நோயாளியின் பக்கத்தில் உட்காரத் தயங்குவோர் இன்றும் நம்மிடையே உளர். அவர் தேநீர் குடித்த பேணியை வேறாக எடுத்து வைப்போரும் உளர். பெண் பிள்ளைக்கு இந்நோய் இருப்பது தெரிந்தால் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று அஞ்சி, வைத்தியரிடமும் காட்டாது மறைத்து வைக்கும் பெற்றோரும் உளர். இவை யாவும் வீண் அச்சங்கள். சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை என்று குறிப்பிடும் இந்நோய் தொட்டாலோ, ஒன்றாக இருந்து உண்டாலோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வதில்லை.

கிருமிகளை எதிர்த்துப் போராடுவதற்கென நமது தேகத்திலே ஒரு காவற்படை உண்டு. அப்படை வழிதவறித் தன் சொந்தத் தோலையே தூண்டிவிடுவதுதான் சொரியாசிசின் மூலம். சாதாரணமாக ஒரு தோற்கலம் அடியிலே பிறந்து, மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். இந்நோயில் அது சில நாட்களுக்குள்ளே நடந்துவிடுகிறது. முதிராத கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகின்றன.

வழிதவறிய அப்படையை அடக்குவதற்குக் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு புதிய மருந்தினம் பயன்பட்டு வருகிறது. உயிரியல் மருந்துகள் என்பது அதன் பெயர். பல்லாண்டுகள் சட்டைக் கையை நீட்டிவிட்டு நோயை மறைத்து வாழ்ந்த எத்தனையோ பேருக்கு அம்மருந்துகள் புதுவாழ்வு அளித்துள்ளன. ஆயினும், தோலுக்கு நன்மை செய்யும் அதே ஊசி மிகச் சிலரிடத்தே கண்ணில் தொல்லையை உண்டாக்கக்கூடும். அத்தொல்லையை வேளையோடு அறிந்தால் பெரும்பாலும் பார்வையைக் காத்துவிடலாம். அறியாது விட்டால், இழந்த பார்வை மீளாமற் போகவும் கூடும். வேளையோடு அறியக்கூடியவர் யார்? சில மாதங்களுக்கு ஒருமுறை கிளினிக்கிலே சந்திக்கும் வைத்தியரைவிட, நாள்தோறும் உடனிருக்கும் வீட்டாருக்கே அவ்வாய்ப்பு அதிகம். ஆகவே இக்கட்டுரை நோயாளருக்கு மட்டுமன்றி, அவர்தம் வீட்டாருக்கும், விசேஷமாக வீட்டிலுள்ள மாணவர்களுக்கும் எழுதப்படுகிறது.

வன்னியில் இதனை ஏன் அறிய வேண்டும்?

"இவ்வளவு விலையுயர்ந்த ஊசி கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யாருக்குப் போடப்படுகிறது?" என்று வாசகர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சொரியாசிசுக்குக் களிம்பும், மெதோற்றெக்சேற் என்னும் குளிகையும், ஒளிச் சிகிச்சையுமே முதலில் கொடுக்கப்படுவன. அவை பயனளிக்காதபோதே வைத்தியர்கள் உயிரியல் மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்குவர்.

ஆனால், நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. இந்தியாவிலே, பெங்களூரைச் சேர்ந்த பயோகொன் நிறுவனம் இற்றோலிசுமாப் என்னும் உயிரியல் மருந்தை 2013 ஆம் ஆண்டு சொரியாசிசுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தது. கியூபா நாட்டின் ஹவானா நகரிலுள்ள ஆய்வு நிலையம் ஒன்றுடன் கூடி வளர்க்கப்பட்ட மருந்து அது. மறு ஆண்டிலே, அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் நிறுவனம் அடலிமுமாப் என்னும் புகழ்பெற்ற ஊசியின் ஒத்த வடிவம் ஒன்றை வெளியிட்டது. மேல்நாட்டில் மட்டும் உருவான மருந்துகள் பாக்கு நீரிணைக்கு அப்பால் உருவாகும் காலம் வந்துவிட்டது.

மேலும், நம் குடும்பங்கள் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கின்றன. கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வாழும் உறவினருள் இவ்வூசியைப் போட்டுக்கொள்வோர் உளர். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வரும்போது, குளிர்ப்பெட்டியில் ஊசியையும் உடன் கொண்டுவருவர். விடுமுறையில் நிற்கும் ஒருவரின் கண் சிவந்தால், முதலில் ஆலோசனை சொல்பவர் இங்குள்ள அத்தையும் மாமாவுமே. அவ்வாலோசனை சரியானதாயிருக்க வேண்டுமல்லவா?

பழைய மருந்துகளும் கண்ணும்

தோலுக்கென உண்ட மருந்து கண்ணைத் தொடுவது புதிய ஊசியோடு தொடங்கிய விஷயமன்று. கார்போகரிசி என்னும் விதையை நம் நாட்டு வைத்தியர்கள் தோல் நோய்களுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். அவ்விதையில் சோரலன் என்னும் பொருள் உண்டு. சோரலன் குளிகையைக் கொடுத்து, பின்பு புறஊதாக் கதிரைத் தோலிற் படச் செய்யும் சிகிச்சையை 1974 ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்டனர். சொரியாசிஸ் நன்கு குறைந்தது. ஆனால், உண்ட சோரலன் கண்ணின் வில்லையிலும் சேர்கிறது. அவ்வேளை வெயிற் கதிர் கண்ணிற் பட்டால் அது வில்லையோடு பிணைந்து, நாளடைவிலே கண்புரையை உண்டாக்கக்கூடும். ஆகவேதான் அச்சிகிச்சை பெறுவோர் குளிகை உண்ட பின் ஒரு நாள் முழுவதும் கதிர்தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும் என்ற விதி ஏற்பட்டது.

ஸ்ரெரோயிட் களிம்பின் கதையும் இத்தகையதே. கண்ணிமையிலும் கண்ணைச் சுற்றியும் வலுவான ஸ்ரெரோயிட் களிம்பை மாதக்கணக்கில் பூசினால் கண்ணின் உள்ளழுத்தம் உயரலாம், கண்புரையும் வரலாம். பெயர் தெரியாத "அதிசயக் களிம்பு" சிலவற்றில் இத்தகைய மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளிலே கண்டுபிடித்துள்ளனர்.

வன்னி மக்களுக்கு நன்கு பழக்கமான இன்னொரு மருந்து குளோரோகுயின். 2016 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. அதற்கு முன்னர், காடும் குளமும் சூழ்ந்த நமது பகுதியில் மலேரியாக் காய்ச்சல் வராத வீடு அருமை; கசப்பான அக்குளிகையை விழுங்காத முதியவரும் அருமை. அது சிலரிடத்தே சொரியாசிசைக் கிளப்பிவிடும் என்பது வைத்தியர் அறிந்த செய்தி. காய்ச்சலுக்குச் சில நாட்கள் உண்பதால் கண்ணுக்குத் தீங்கில்லை. ஆனால், மூட்டு வியாதிகளுக்காக அதையும் அதன் இனமான ஐதரொக்சிக் குளோரோகுயினையும் ஆண்டுக்கணக்கில் உண்போருக்கு விழித்திரை பழுதுபடலாம் என்று கண்டனர். அதற்காக மருந்தைக் கைவிட்டார்களா? இல்லை. அளவை வரையறுத்தார்கள்; நீண்டகாலம் உண்போருக்கு ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினார்கள். உயிரியல் ஊசிக்கும் இதுவே வழி.

மெதோற்றெக்சேற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1895 ஆம் ஆண்டு ஆந்திரத்துப் பீமவரத்திலே பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியிலே பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் நடத்திய ஆராய்ச்சியிலிருந்தே அதன் பரம்பரை தொடங்குகிறது. அதன் முன்னோடியான அமினோப்ரெரினை மூட்டுவாதத்துக்குக் கொடுத்த வைத்தியர்கள், சொரியாசிசும் அதனால் தணிவதை 1951 இல் எழுதினர். அம்மருந்து கண்ணுக்குச் செய்வது பெரும்பாலும் சிறு எரிவே. ஆனால், சொரியாசிசுக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ணப்படுவது. தவறுதலாக நாள்தோறும் உண்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். குளிகைப் பையின்மேல் கிழமையின் பெயரை வீட்டார் பெரிதாக எழுதி வைத்தல் வேண்டும்.

ஊசி செய்யும் வேலை

சாதாரணக் குளிகைகள் இரசாயன முறையிலே செய்யப்படுகின்றன. உயிரியல் மருந்துகளோ பெரிய கலன்களில் வளர்க்கப்படும் உயிருள்ள கலங்களிலிருந்து பெறப்படும் புரதங்கள். வாயால் உண்டால் சோறும் பருப்பும் சமிப்பதுபோல அவையும் சமித்துப்போகும். அதனாலேயே தோலின் கீழ் ஊசியாகவோ, நரம்பு வழியாகவோ ஏற்றப்படுகின்றன.

தேகத்தின் காவற்படையிலே ஒரு கலம் மற்றொரு கலத்துக்குச் செய்தி அனுப்புவதற்குச் சில தூதுப் பொருள்கள் உண்டு. ரி.என்.எவ். என்பது அவற்றுள் ஒன்று. இன்ரலூக்கின் 17, இன்ரலூக்கின் 23 என்பன வேறு சில. "அழற்சியை மூட்டு" என்பதே அவை கொண்டு செல்லும் செய்தி. எற்றனர்செப்ற், இன்பிளிக்சிமாப், அடலிமுமாப் ஆகிய மருந்துகள் ரி.என்.எவ். என்னும் தூதனைப் பிடித்து வைக்கின்றன. செக்குகினுமாப், இக்செக்கிசுமாப் என்பன இன்ரலூக்கின் 17 ஐத் தடுக்கின்றன. செய்தி போய்ச் சேராததால் தோலில் அழற்சி தணிகிறது.

ஆனால், இத்தூதர்கள் தோலுக்கு மட்டும் ஊழியம் செய்பவர்களல்லர். கண்ணிலும் மூளையிலும் சுவாசப்பையிலும் அவர்களுக்கு வேலை உண்டு. ஒரு வாய்க்காலை மறித்தால் நாம் நினைத்த வயலில் மட்டுமா நீர் குறைகிறது? எந்த மூலையிலே அதன் பயன் தெரியும் என்பதை முன்கூட்டிச் சொல்லுதல் எளிதன்று.

ஒரே நோய்க்கு மருந்தும் காரணமும்

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. கண்ணின் வெளிப்படலத்துக்கும் விழித்திரைக்கும் இடையே இரத்தக் குழாய்கள் நிறைந்த நடுப்படலம் ஒன்று இருக்கிறது. அதிலே தோன்றும் அழற்சி பார்வைக்கு ஆபத்தானது. சொரியாசிஸ் நோயாளரிடத்தே, விசேஷமாக அந்நோயோடு மூட்டு வீக்கமும் உடையவரிடத்தே, இவ்வழற்சி மருந்து எதுவும் இல்லாமலே வரக்கூடும். இமையோரம் செதிலாடி அரிப்பதும், கண் வறள்வதும் அந்நோயாலேயே நேரக்கூடியவை.

அந்த நடுப்படல அழற்சிக்கு அடலிமுமாப் ஒரு நல்ல மருந்து. 2016 ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்கென்றே அனுமதி வழங்கப்பட்டது. ஆனால், அதே தூதனைத் தடுக்கும் எற்றனர்செப்ற் ஊசியைப் போட்டுக்கொண்ட சிலருக்கு, அதற்கு முன் இல்லாத நடுப்படல அழற்சி புதிதாகத் தோன்றியது. ரி.என்.எவ். தடுக்கும் மருந்துகளால் இவ்வாறு நேர்ந்ததாக வந்த அறிக்கைகளுள் எற்றனர்செப்ற்றின் பெயரே மிகுதி. ஒரே வேலையைச் செய்வனபோலத் தோன்றும் இரண்டு மருந்துகளுள் ஒன்று கண்ணைக் காக்கிறது. மற்றொன்று சில வேளை கண்ணை வருத்துகிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? ஊசி போடுபவரின் கண் சிவந்தால், "இது ஊசியின் குற்றம்" என்று நாமாகத் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. நோயின் குற்றமாக இருக்கலாம். ஊசியின் குற்றமாக இருக்கலாம். ஊரிலே பரவும் சாதாரணக் கண்ணோயாகவும் இருக்கலாம். பிரித்தறிபவர் கண் வைத்திய நிபுணர். அவரிடம் போகவேண்டிய நேரத்தை அறிவதே நமது கடமை.

பார்வை நரம்பும் மூளையும்

கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் பார்வை நரம்பு, மின்கம்பியைச் சுற்றிய உறைபோல ஓர் உறையினால் மூடப்பட்டுள்ளது. அவ்வுறை சிதைந்தால் செய்தி தடைப்படும். ரி.என்.எவ். தடுக்கும் மருந்துகளால் சிலருக்கு இவ்வாறு நேர்ந்துள்ளது. மூளையிலும் முதுகுத்தண்டிலும் நரம்புறை சிதையும் நோயுடையோருக்கு லெனர்செப்ற் என்னும் அவ்வின மருந்தைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை ஒன்றின் முடிவு 1999 ஆம் ஆண்டு வெளிவந்தது. நோய் தணியும் என்று எதிர்பார்த்தனர், அதுவோ அதிகமாகியது. அன்று முதல், இந்நரம்பு நோய் உடையவருக்கு அவ்வின ஊசியைத் தவிர்க்க வேண்டும் என்பது வைத்தியர் கைக்கொள்ளும் விதியாயிற்று.

பார்வை நரம்பு அழற்சி பெரும்பாலும் ஒரு கண்ணிலேயே தொடங்கும். கண்ணை அசைக்கும்போது உள்ளே நோகும். சில நாட்களுக்குள் பார்வையின் நடுப்பகுதி மங்கும். நிறங்கள், விசேஷமாகச் சிவப்பு, சாயம் போனதுபோலத் தோன்றும். கண் வெளியே சிவந்திருக்காது. ஆதலால், "கண்ணைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது" என்று வீட்டார் அலட்சியம் செய்துவிடக்கூடும்.

இவற்றினும் பெரிய பாடத்தைக் கற்பித்தது எபலிசுமாப் என்னும் மருந்து. ராப்டிவா என்னும் பெயரில் 2003 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே சொரியாசிசுக்கென அனுமதிக்கப்பட்ட ஊசி அது. வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டவர்கள் பலருக்குத் தோல் தெளிந்தது. ஆனால், அது காவற்படையின் கலங்கள் இரத்தத்திலிருந்து வெளியேறிச் செல்லும் வழியையும் தடுத்தது. மனிதர் பலருடைய தேகத்திலே தீங்கின்றி உறங்கிக் கிடக்கும் ஒரு வைரசு உண்டு. காவல் தளர்ந்தபோது, சிலரிடத்தே அது விழித்தெழுந்து மூளையைத் தாக்கியது. மூளையின் பின்புறத்தில் பார்வைக்குரிய பகுதி சிதைந்தால், கண் பழுதின்றி இருந்தும் பார்வையின் ஒரு பாதி மறைந்துவிடும். பேச்சுத் தடுமாற்றமும், கைகால் வலுவிழத்தலும், மனக்குழப்பமும் இந்நோயின் ஏனைய குறிகள்.

2009 பெப்ருவரியில், இந்நோய் உறுதியாகக் கண்டவர் மூவர், சந்தேகத்துக்குரியவர் ஒருவர் என அமெரிக்க அரசு அறிவித்தது. நால்வரும் மூன்றாண்டுகளுக்கு மேலாக இடைவிடாது அவ்வூசியைப் போட்டவர்கள். அவர்களுள் மூவர் இறந்துவிட்டனர். ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திய மருந்திலே நால்வர் என்பது சிறு தொகைதான். ஆயினும், உயிரைப் பறிக்காத ஒரு தோல் நோய்க்கு உயிரைப் பறிக்கக்கூடிய மருந்து தகாது என்று கருதப்பட்டது. அவ்வாண்டிலேயே ஐரோப்பாவில் அதன் அனுமதி நிறுத்தப்பட்டது. அமெரிக்காவிலும் உற்பத்தியாளரே அதனை மீளப் பெற்றுக்கொண்டனர். இன்று சொரியாசிசுக்குக் கொடுக்கப்படும் ஊசிகள் வேறு. எபலிசுமாப் செய்ததை அவையும் செய்யும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நல்ல பலன் தந்த மருந்தின் தீங்கு மூன்றாண்டு கழித்தும் வெளிப்படலாம் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம். தோல் தெளிந்தவுடன் கவனிப்பு முடிந்துவிடுவதில்லை.

உறங்கும் கிருமிகள்

நம் நாட்டாருக்கு இன்னும் நெருக்கமான ஆபத்து காசநோய். அக்கிருமியும் நெடுங்காலம் சுவாசப்பையிலே அடங்கிக் கிடக்க வல்லது. அதைச் சுற்றி மதில்போல நின்று காவல் செய்யும் கலங்களுக்கு ரி.என்.எவ். இன்றியமையாதது. அத்தூதனைத் தடுத்தால் மதில் தளர்கிறது. இன்பிளிக்சிமாப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் கண்டதை 2001 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக் காட்டியது. காசநோய்க் கிருமி சுவாசப்பையோடு நின்றுவிடுவதில்லை. கண்ணின் நடுப்படலத்தையும் பற்றக்கூடும். எனவேதான் ஊசி தொடங்குமுன் மார்புப் படமும் காசநோய்ச் சோதனையும் செய்யப்படுகின்றன.

அக்கி என்னும் கொப்புளநோயும் கவனிக்கற்பாலது. சிறுவயதில் வந்த கொப்புளிப்பான் வைரசு நரம்பிலே உறங்கியிருந்து, காவல் தளரும்போது அக்கியாக வெளிப்படுகிறது. நெற்றியின் ஒரு பக்கத்திலோ, மூக்கின் நுனியிலோ கொப்புளம் கண்டால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும். மந்திரித்துக்கொண்டும் காவிக்கல் பூசிக்கொண்டும் நாட்களைப் போக்கலாகாது. அக்கி மருந்தை மூன்று நாட்களுக்குள் தொடங்குதல் மிக நன்று.

இன்ரலூக்கின் 17 ஐத் தடுக்கும் ஊசிகளால் வரக்கூடிய கண்சிவப்பும் நீர்வடிதலும் பெரும்பாலும் இலேசானவை, மருந்துத்துளியால் தணிபவை.

தொலைந்த கொப்பிகள்

ஊசி தொடங்குமுன் வைத்தியர் பல கேள்விகள் கேட்பார். "முன்பு காசநோய் வந்ததா? வீட்டில் யாருக்கேனும் வந்ததா? கை கால் மரத்து, பார்வை மங்கி, பின்பு தானாகத் தெளிந்ததுண்டா?" பிற ஊர்களிலே இதற்கு விடை பழைய கிளினிக் கொப்பியில் இருக்கும். நம் பகுதியில் எத்தனை வீட்டில் அக்கொப்பி இருக்கிறது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009 ஆம் ஆண்டின் இறுதிப் போரிலே உயிரை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள் எவ்வாறு கடதாசிகளைக் காத்திருக்கும்? நெருக்கமான முகாம்களிலே யாருடன் ஒரே கூடாரத்தில் இருந்தோம், அவர் எத்தனை மாதம் இருமினார் என்பதை எழுதி வைத்தவரும் இல்லை.

ஆகவே, எழுத்தில் இல்லாததை வாயினாற் சொல்ல வேண்டும். தாயும் பாட்டியும் நினைவுபடுத்திச் சொல்லுவதை வீட்டிலுள்ள மாணவர் ஒரு புதிய கொப்பியிலே எழுதட்டும். "காசநோய் என்று சொன்னால் வெட்கம்" என்று மறைத்தல் கூடாது. அந்த மறைப்பு ஊசியை ஆபத்தாக்கிவிடும்.

போரிலே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். அத்தகைய ஒருவருக்கு உயிரியல் ஊசி போடவேண்டி வந்தால், எஞ்சியுள்ள கண்ணே அவருடைய முழு உலகம். தமக்கு ஒரு கண்ணிலேயே பார்வை உண்டென்பதை அவர் தோல் நோய் வைத்தியரிடம் தெளிவாகக் கூறல் வேண்டும். இரு கண்ணுடையவர் ஒன்றை மூடி மற்றதோடு ஒப்பிட்டுக் குறையை அறியலாம். அவருக்கு அந்த வசதியும் இல்லை. ஊசி தொடங்குமுன் ஒருமுறை கண்ணைச் சோதித்து, அதன் நிலையைக் குறித்து வைத்தல் அவருக்கு மிக அவசியம்.

தூரமும் ஒரு காரணமே. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரையும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் பிரயாணம் செய்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு மற்றொரு பஸ் எடுப்பவர், "இன்றைக்கு வேண்டாம், அடுத்த கிளினிக்கோடு காட்டுவோம்" என்று ஒத்திவைப்பது இயல்பு. அதற்குள் கைவைத்தியம் தொடங்கிவிடும். ஒருவர் தாய்ப்பாலைக் கண்ணில் விடச் சொல்லுவார். மற்றொருவர் தம் வீட்டிலே மிஞ்சிய கண்மருந்துத் துளியைக் கொண்டுவந்து தருவார். அத்துளியிலே ஸ்ரெரோயிட் இருந்து, கண்ணிலே வைரசுப் புண் இருந்தால், பார்வையே பறிபோகலாம்.

வீட்டிலே செய்யக்கூடிய சோதனை

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்க. நோயாளி வழக்கமாக அணியும் மூக்குக்கண்ணாடியோடு சுவரிலுள்ள நாட்காட்டியின் முன் ஒரே இடத்தில் உட்காரட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மற்றக் கண்ணால் மிகச் சிறிய எழுத்தை வாசிக்கட்டும். பின்பு கண்ணை மாற்றுக. சென்ற வாரம் வாசித்த எழுத்து இவ்வாரம் மங்கினால் அது ஒரு குறி.

அடுத்து, ஒரு செவ்வரத்தம்பூவை ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கட்டும். இரு கண்ணுக்கும் ஒரே சிவப்பாகத் தெரிய வேண்டும். பின்பு கணக்குக் கொப்பியின் கட்டங்களை நோக்கட்டும். நேர்கோடுகள் வளைந்தோ, நடுவிலே அழிந்தோ தோன்றலாகாது. ஈற்றில், மாணவர் ஒருவர் எதிரே இருந்து, தம் விரல்களை இடமும் வலமும் அசைத்துக் காட்டட்டும். ஒரு பக்கம் தெரியவில்லையாயின் அதுவும் குறியே. இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும், செலவும் இல்லை. வைத்தியரின் சோதனைக்கு இது ஈடாகாது; ஆனால், வைத்தியரிடம் போகவேண்டிய நாளை இது அறிவிக்கும்.

இரு கண்ணும் சிவந்து, பீளை கட்டி, மணல் விழுந்ததுபோல உறுத்தினால் பெரும்பாலும் அது பரவும் கண்ணோய். அதனையும் காட்டுவது நலம்; பதற்றம் வேண்டியதில்லை. ஆனால், கண்ணின் உள்ளே நோவு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவத்தல், பார்வை மங்கல், புதிதாகப் புள்ளிகள் மிதத்தல், நிறம் வெளிறல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், பார்வையின் ஒரு பகுதி மறைதல், மூக்கு நுனியிலே கொப்புளம் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். தூரத்திலுள்ள நிபுணரைத் தேடி நாளைப் போக்காமல், அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்கே முதலிற் செல்க. அங்கிருந்து கண் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி வைப்பார்கள்.

அங்கே மூன்று விஷயங்களைத் தவறாமற் சொல்ல வேண்டும்: சொரியாசிஸ் உண்டென்பது, போடும் ஊசியின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி. "ஏதோ தோலுக்கு ஒரு ஊசி" என்றால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. மருந்துப் பெட்டியின் மூடியை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்தாலே போதுமானது.

ஊசியை நிறுத்திவிடலாமா?

இதை வாசித்தவுடன், "இவ்வளவு ஆபத்தான ஊசி நமக்கு வேண்டாம்" என்று யாரேனும் முடிவு செய்தால், இக்கட்டுரையின் நோக்கம் பிழைத்துவிடும். இங்கே கூறிய பெருந்தொல்லைகள் அரிதானவை. கடுமையான சொரியாசிசைச் சிகிச்சையின்றி விடுவதோ அரிதல்லாத துன்பம். மூட்டுகள் சிதைந்து கை மடங்கிப் போனவர்களும், அவமானத்தால் படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் அதற்குச் சாட்சி. சிகிச்சையில்லாத நோயாலும் கண் கெடக்கூடும்.

கண்ணில் தொல்லை வந்தால், அடுத்த ஊசியைப் போடுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். நிறுத்துவதா, வேறு ஊசிக்கு மாற்றுவதா, கண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தொடர்வதா என்பதைத் தோல் வைத்தியரும் கண் வைத்தியரும் கூடித் தீர்மானிப்பர். முன்பே கூறியவாறு, ஒரு மருந்து வருத்திய கண்ணை அதன் உறவுமருந்தே காக்கவும் கூடும். நாமாக நிறுத்தினால், கண்ணின் தொல்லைக்குக் காரணம் தெரியாமற் போவதோடு, அடங்கியிருந்த தோல் நோயும் மீண்டும் கிளம்பலாம்.

மருந்தைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானியின் வேலை. அளவறிந்து கொடுப்பது வைத்தியரின் வேலை. கொடுத்த பின்பு நாள்தோறும் கவனிக்கும் வேலை வீட்டாருக்கு உரியது. பேணியை வேறாக வைப்பதற்குச் செலவிடும் கவனத்தை, வாரத்துக்கு ஐந்து நிமிடம் நாட்காட்டியின் முன் செலவிட்டால், தோல் தெளிந்த ஒருவரின் பார்வையும் தெளிவாகவே இருக்கும்.